பிரமிடு அடிவாரத்தில் பிறந்த ஆட்டம்

ஸ்குவாஷில் இன்று யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்டால், ஒரே பதில்தான்: எகிப்து. ஆண்கள், பெண்கள் எந்தப் பிரிவை எடுத்தாலும் உலகத் தரவரிசையின் உச்சியில் கெய்ரோ, அலெக்சாந்திரியா நகரத்துப் பெயர்களே நிற்கின்றன. உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் எகிப்தியரே ஆடுவது இப்போது யாருக்கும் ஆச்சரியம் தருவதில்லை. இந்த ஆதிக்கம் எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போனால், பெரியவர்களுக்கான தனிநபர் உலகப் பட்டத்தை ஒரு முறைகூட வெல்லாத ஓர் ஆட்டக்காரரிடம் வந்து நிற்போம். அவர் அகமது பராடா.

அவருக்கு முன்பு எகிப்தில் ஸ்குவாஷ் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ஆட்டத்தை, பிரிட்டிஷ் அதிகாரிகள் தாங்கள் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். கெய்ரோவில் நைல் நதித் தீவு ஒன்றில் 1882இல் அவர்கள் அமைத்த கெசிரா கிளப், அப்படி ஆட்டம் வந்திறங்கிய துறைகளில் ஒன்று. தூதரகப் பணிக்காக லண்டன் போன அம்ர் பே என்ற எகிப்தியர், 1933 முதல் 1938 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் உலகப் பட்டத்துக்குச் சமம். அவர் பிறகு அதே லண்டனில் தம் நாட்டின் தூதராகவே அமர்ந்தார். அவருக்குப் பின், கெசிரா கிளப்பில் பயிற்சியாளராக இருந்த மஹ்மூத் கரீம் 1947 முதல் 1950 வரை நான்கு முறை வென்றார். 1951 இறுதிப் போட்டியில் பெஷாவரிலிருந்து வந்த ஹாஷிம் கான் அவரை வீழ்த்தினார். பாகிஸ்தானின் காலம் அன்று தொடங்கியது. 1960களில் அபூ தாலிப் மூன்று முறை பட்டத்தை மீட்டுக் கொடுத்தாலும் அது நிலைக்கவில்லை. 1983இல் இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகரில் எகிப்தின் கமால் அவாத், பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கானோடு 2 மணி 46 நிமிடம் மல்லுக்கட்டினார். முதல் கேமை வென்றும் கடைசியில் தோற்றார். உலகம் ஜஹாங்கீரைக் கொண்டாடியது. எகிப்து ஒரு பழைய பெருமையாகச் சுருங்கிக் கிடந்தது.

இவ்வளவு பழைய பெருமை இருந்தும் எகிப்தின் வீதிகளில் கால்பந்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதற்கு ஸ்குவாஷின் பிறவிக் குணமும் ஒரு காரணம். 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட, நான்கு புறமும் சுவர் அடைத்த அறை அது. பின்சுவருக்கு மேலே ஒட்டியிருக்கும் மாடத்தில் சில வரிசை இருக்கைகள் மட்டும் இருக்கும். அங்கே இடம் கிடைத்தவர்கள்தான் ஆட்டத்தைப் பார்க்க முடியும். கிளப் உறுப்பினரல்லாத ஒருவர் ஸ்குவாஷ் ஆட்டத்தைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து முடித்துவிடலாம். தொலைக்காட்சிக்கும் அது ஒத்துவராத ஆட்டமாகவே இருந்தது.

அந்தச் சுவர்களைக் கண்ணாடியாக்கியதுதான் திருப்பம். 1980களிலேயே நான்கு பக்கமும் ஊடுருவிப் பார்க்கக்கூடிய கோர்ட்டுகள் வந்துவிட்டன. கெட்டிப்படுத்திய கண்ணாடிப் பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றலாம், வேறு ஊரில் இறக்கி மறுபடி பூட்டலாம். உள்ளே விளக்கொளியைக் கொட்டி, வெளியே இருட்டாக வைத்துவிட்டால் வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். உள்ளே இருப்பவருக்குக் கூட்டம் கண்ணை உறுத்தாது. கருப்புப் பந்துக்குப் பதில் வெள்ளைப் பந்து போட்டார்கள். இனி ஆட்டத்தைத் தேடி மக்கள் கிளப்புக்குப் போக வேண்டாம், மக்கள் இருக்கும் இடத்துக்கு ஆட்டமே வந்துவிடும்.

அந்தக் கோர்ட்டை 1996இல் கீசா பிரமிடுகளின் எதிரே கொண்டுவந்து வைத்தார்கள். அல் அஹ்ராம் நாளிதழின் பெயரில் போட்டி. அன்றைய அதிபர் ஹொஸ்னி முபாரக் தாமே ஸ்குவாஷ் ஆடுபவர் என்பதால் அரசாங்கத்தின் ஆதரவும் இருந்தது. வேறொரு அவசரமும் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரமிடு சாலையில் ஒரு ஹோட்டல் வாசலில் கிரேக்கச் சுற்றுலாப் பயணிகள் 18 பேரைத் தீவிரவாதிகள் சுட்டுக்கொன்றிருந்தார்கள். சுற்றுலாவை நம்பி வாழும் நாட்டுக்கு, பிரமிடுகளின் நல்ல படம் ஒன்று உலகத் தொலைக்காட்சிகளில் தெரிவது அத்தியாவசியம்.

படம் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஒரு பையன் நுழைந்துவிடுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பராடா 1977இல் பிறந்தவர். 1994இல் உலக இளையோர் பட்டம் வென்றிருந்தார். பெரியவர்கள் களத்தில் அவர் இன்னும் புதுமுகம்தான். அந்த வாரம் அவர் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டித் தாண்டி இறுதிக்கே வந்துவிட்டார். எதிரே ஜான்ஷெர் கான். உலகப் பட்டத்தை எட்டு முறை வென்றவர் என்ற சாதனையை அதே ஆண்டில் எட்டிய மனிதர். பின்னால் ஒளியூட்டிய பிரமிடுகள், நடுவே பளீரென்ற கண்ணாடி அறை, உள்ளே சொந்த நாட்டுப் பதின்வயதுப் பையன். பராடா தோற்றார். ஆனால் ஸ்குவாஷ் என்றால் என்னவென்று அறியாத வீடுகளிலும் அவர் பெயர் புழங்கத் தொடங்கியது.

திறந்தவெளி ஆட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஸ்குவாஷ் பந்து 24 கிராம் எடையுள்ள உள்ளீடற்ற ரப்பர். சூடேறினால்தான் எழும்பும். பாலைவன இரவின் குளிரில் அது சீக்கிரம் சோர்ந்து விழும். நீண்ட பரிமாற்றங்களில் எதிராளியைக் களைப்படையச் செய்வதைவிட, முன்சுவரில் மெல்லத் தொட்டுப் பந்தைச் சாகடிப்பது அங்கே அதிகம் பலிக்கும். எகிப்தியர் கைக்குப் பிடித்த வேலையும் அதுதான். ராக்கெட் பின்னே ஓங்கி நிற்கிறது, தோள் முழு வேகத்துக்குத் தயாராகிறது, எதிராளி பின்பக்கம் ஓரடி நகர்கிறார். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் திரும்புகிறது. பந்து முன்சுவரின் அடியில் உள்ள தகரப் பட்டைக்குச் சற்று மேலே பட்டு, பக்கச்சுவரும் தரையும் கூடுகிற விளிம்பில் விழுந்து எழும்பாமல் உருண்டு ஓடுகிறது. இந்த விளிம்படிக்கு ஆட்டக்காரர்கள் ‘நிக்’ என்பார்கள். அதற்கு உலகில் யாரிடமும் மறுமொழி கிடையாது. ஓட்டத்தையும் உடல் வலுவையும் நம்பிய ஆங்கிலேய, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே இந்தத் துணிச்சல் ஒரு தனி வழியாகவே வளர்ந்தது. தப்பு நேரலாம் என்று தெரிந்தே அடிப்பதுதான் அதன் அழகு.

பராடா அந்த 1996 இறுதிப் போட்டியோடு நிற்கவில்லை. 1998இல் அதே அல் அஹ்ராம் பட்டத்தை வென்றார். 1999இல் உலக ஓப்பன் போட்டியே கீசாவுக்கு வந்தது. இறுதிக்கு முன்னேறி, பீட்டர் நிக்கோலிடம் தோற்றார். அதே ஆண்டு கெய்ரோவில் எகிப்து அணி உலக அணிப் பட்டத்தை முதன்முறையாக வென்றபோது அவர் அதில் இருந்தார். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறினார். 2000இல் கெய்ரோவில் தம் வீட்டருகே கத்தியால் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தார், களத்துக்கும் திரும்பினார், ஆனால் பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2001இல் ஓய்வு அறிவித்துவிட்டுப் பாட்டு, சினிமா என்று வேறு வழி போனார். இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நாட்டின் விளையாட்டையே திருப்பிவிட்டவர் என்று எனக்கு வேறு யாரையும் சொல்லத் தெரியவில்லை.

அந்த 1999 அணியில் இளைய ஆள் ஒருவர் இருந்தார். கெய்ரோவின் மாதி பகுதியைச் சேர்ந்த இடதுகைக்காரர் அம்ர் ஷபானா. 2003இல் லாகூரில் உலக ஓப்பனை வென்ற முதல் எகிப்தியர் அவர். எந்தப் பாகிஸ்தானிடம் ஐம்பது ஆண்டுக்கு முன் மகுடம் போனதோ, அந்த மண்ணிலேயே மீட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல். அவர் நான்கு உலகப் பட்டங்கள் வென்று 33 மாதம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தார். 1996இல் பள்ளிச் சிறுவனாக இருந்த ராமி ஆஷூர், இளையோர் உலகப் பட்டத்தை இரு முறை வென்று, பிறகு பெரியவர்கள் பட்டத்தை மூன்று முறை கைப்பற்றினார். தொடைத் தசைக் காயம் விடாமல் துரத்தியிராவிட்டால் அந்தக் கணக்கு இன்னும் நீண்டிருக்கும்.

பெண்கள் கதை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி, ஆண்களையே மிஞ்சிவிட்டது. மலேசியாவின் நிக்கோல் டேவிட் ஒன்பது ஆண்டு விடாமல் வைத்திருந்த முதலிடத்தை 2015இல் ரனீம் எல் வெலிலி எடுத்தார். அவருக்குப் பின் வந்த அலெக்சாந்திரியாவின் நூர் எல் ஷெர்பினியின் வெற்றிப் பாதை நம் ஊரிலிருந்து புறப்பட்டது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 2009இல் சென்னையில் நடந்த உலக இளையோர் போட்டியில், 13 வயதில் அவர் பட்டம் வென்றார். அத்தனை சிறு வயதில் அதை வேறு யாரும் வென்றதில்லை. 2019இல் பிரமிடுகளின் எதிரே அதே ரனீமைத் தோற்கடித்து உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். பராடா தோற்றுத் திரும்பிய அதே கீசா அது. 2025இல் எட்டாவது உலகப் பட்டம் வென்று நிக்கோல் டேவிட்டின் சாதனையைச் சமன் செய்தார்.

கண்ணாடிக் கோர்ட் மட்டும் இதையெல்லாம் செய்துவிடவில்லை. எகிப்தின் ஸ்குவாஷ் இரண்டே நகரங்களின் சில கிளப்புகளில் அடர்ந்திருக்கிறது. உலகச் சாம்பியன் பயிற்சி செய்யும் கோர்ட்டுக்குப் பக்கத்துக் கோர்ட்டில் பத்து வயதுப் பிள்ளை ஆடும். ஆடி முடித்ததும் கண்ணாடிக்கு இப்பால் நின்று சாம்பியனைப் பார்க்கும். அந்தக் கிளப்புகளில் சேரப் பணம் வேண்டும் என்பதும் உண்மை. கெய்ரோவின் ஏழைக் குடியிருப்புகளுக்கு இந்த ஆட்டம் இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அந்தக் குறையை எகிப்து நேர்மையாகப் பார்த்தாக வேண்டும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2023 உலகக் கோப்பையின்போது சென்னை ராயப்பேட்டை மால் ஒன்றின் நடுவே கண்ணாடிக் கோர்ட் போட்டார்கள். அந்தக் கோப்பையை எகிப்துதான் வென்றது. மறுபடி அப்படியொரு கோர்ட் எழும்பும்போது, கடைகளைச் சுற்றிக்கொண்டிராமல் பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போய் முன்சுவரின் பக்கமாக உட்காருங்கள்.