குப்பை ஆலைக்கு குடும்பத்தோட டூர் போகலாமா? மக்கள் உள்ளே வரும்படி ஒரு பிளாஸ்டிக் மறுசுழற்சி மையம்... எப்படி சாத்தியம்?

"இங்க குப்பை மையம் வரப்போகுது" என்ற பேச்சு கிளம்பினாலே போதும், மறுநாள் சாலை மறியல்தான். திருப்பூருக்கு இது பழகிப்போன காட்சி. மாநகராட்சிக் குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து சுற்றுவட்டார மக்கள் நடத்திய போராட்டங்கள் 2025-ல் அடுத்தடுத்து செய்தியாகின. ராயபுரம் மாதிரி நெருக்கமான பகுதியில் பிளாஸ்டிக் மறுசுழற்சி மையம் என்றால் யாராவது சம்மதிப்பார்களா?

ஆனால் சில ஊர்களில் இதே மாதிரி மையங்களுக்கு ஸ்கூல் பசங்க டூர் போகிறார்கள்.

எங்கே நடக்கிறது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், சன்செட் பார்க் மறுசுழற்சி ஆலை 2013 டிசம்பரில் திறக்கப்பட்டது. வீடுகளில் இருந்து வரும் பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி இங்கே தரம் பிரிக்கப்படுகிறது. வடிவமைத்தவர் அனபெல் செல்டோர்ஃப். லாரி வரும் வழி தனி, பார்வையாளர் வழி தனி. குழந்தைகளுக்கான கற்றல் மையமும், இயந்திரங்கள் ஓடுவதைப் பார்க்கும் மேடையும் கட்டிடத்திலேயே உண்டு.

ஜப்பானின் கமிகாட்சு இன்னும் சுவாரஸ்யம். 1,500-க்கும் குறைவானவர்கள் வாழும் மலையூர். வீட்டுக்கு வீடு குப்பை வண்டி வராது, மக்களே கொண்டுவந்து 40-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போட வேண்டும். 2020-ல் திறந்த புது மையம், மேலே இருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவத்தில் இருக்கும். ஊர்க்காரர்கள் கொடுத்த சுமார் 700 பழைய ஜன்னல்கள்தான் அதன் சுவர். நமக்கு வேண்டாத பொருளை வைத்துவிட்டு, வேண்டியதை இலவசமாக எடுத்துப்போகும் கடையும் உள்ளே இருக்கிறது. தங்கும் விடுதியும் கூட!

பார்க்க அங்கே என்ன இருக்கு?

நிறைய. உதாரணத்துக்கு தண்ணீர் பாட்டில். பாட்டில் ஒரு வகை பிளாஸ்டிக் (பெட்), மூடி வேறு வகை. இரண்டையும் துண்டாக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். இதைக் கண்ணாடி வழியாக ஒரு குழந்தை பார்த்தால் போதும், பாடமே தேவையில்லை. மூழ்கிய துண்டைக் கழுவி, காயவைத்து, சுமார் 260 டிகிரியில் உருக்கி இழுத்தால் பாலியஸ்டர் இழை.

பனியன் ஊருக்கு இது அந்நிய சமாச்சாரம் இல்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற ஜாக்கெட், பெட் பாட்டிலில் இருந்து செய்யப்பட்டது. துணி போனது பக்கத்து ஊர் கரூரில் இருந்து!

ஒரு விஷயம். பார்வையாளர் மேடை கட்டும்போது, கீழே குப்பை பிரிப்பவர்கள் காட்சிப்பொருள் ஆகிவிடக்கூடாது. காற்றோட்டம், கையுறை, உட்கார்ந்து சாப்பிட இடம் இதெல்லாம் முதலில். கண்ணாடி அப்புறம்.

சிக்கல் எங்கே?

தண்ணீரில்தான். பிளாஸ்டிக்கைக் கழுவினால் கழிவுநீர் வரும். நொய்யலில் சாயக் கழிவு கலந்த விவகாரத்தில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளையே மூட உத்தரவிட்டது. அதைப் பார்த்த மக்கள் அழகான கட்டிடத்தைக் காட்டினால் நம்பிவிட மாட்டார்கள், நம்பவும் கூடாது.

பிரிட்டனில் ஒரு மறுசுழற்சி ஆலையில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. கழுவும் நீரோடு நுண் பிளாஸ்டிக் துகள்கள் வெளியேறுவதை அது கண்டறிந்தது. வடிகட்டி பொருத்திய பிறகு குறைந்தாலும் முழுசாக நிற்கவில்லை.

அதனால் திருப்பூரில் இப்படி ஒரு மையம் வந்தால், பார்வையாளரை முதலில் அழைத்துப்போக வேண்டிய இடம் இயந்திரக் கூடம் அல்ல, கழிவுநீர்த் தொட்டி. எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு சுத்தமாகித் திரும்பியது என்ற தினசரி கணக்கு கேட்டிலேயே, தமிழில், போகிற வருகிறவர் படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும்.