வருஷத்தை எத்தனை துண்டா வெட்டலாம்?

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன நண்பர்கள்கிட்ட பேசினா 'குவார்ட்டர் முடிஞ்சுது'ன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம், அது கிடக்கட்டும். அவங்க சொல்றது, சுமார் 10 வாரத்தில் ஒரு பாடத்தை ஆரம்பிச்சு, பரீட்சை எழுதி, மூடிட்டு அடுத்ததுக்குப் போற கல்லூரி முறை. அது நமக்குச் சரிப்படுமா? இதைப் பேச, நம்ம பழைய முறையிலிருந்து ஆரம்பிக்கணும்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் பாடம் நடத்தின, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. மாசக்கணக்கில் கோட் எழுதிட்டு, கடைசியில் ஒரே தடவை டெஸ்ட் பண்ற மாதிரி.

இதில் மாட்டினவர் கணித மேதை ராமானுஜன். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டதால் உதவித்தொகை போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், அங்கே உடம்பு படுத்தியது. 1907-ல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. கணக்கு தேறினாலும் மற்றது போனால் மொத்தமும் போச்சு. சென்னையில் அவருக்குப் பட்டம் கிடைக்கவே இல்லை.

இப்போ கடல் தாண்டிப் போவோம். 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், வருஷத்தை நாலு சம பங்காகப் பிரித்தார். கோடையும் ஒரு முழுப் பங்கு. மாணவர் எந்தக் குவார்ட்டரிலும் சேரலாம், ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் திரும்பி வரலாம். கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்கள்கூட வந்து படிக்க முடிந்தது. ஆனால் எல்லாரும் இதில் நிலைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி 1966-ல் குவார்ட்டருக்குப் போய், 1983-ல் செமஸ்டருக்கே திரும்பியது. ஒஹாயோ ஸ்டேட் 2012-ல் செமஸ்டருக்கு மாறியது.

நம்ம பக்கம் 1970-களில் செமஸ்டர் பரவ ஆரம்பித்தது. 1978-ல் சென்னை லயோலா, கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் தன்னாட்சி பெற்றன. அதே வருஷம்தான் அண்ணா பல்கலைக்கழகமும் பிறந்தது. செமஸ்டரோடு வளர்ந்த வார்த்தை 'அரியர்'. ராமானுஜனுக்குக் கிடைக்காத வசதி இது: தேறினது உன்னோடது, போனதை மட்டும் திரும்ப எழுது. 2020-ல் கொரோனா நேரத்தில் அரியர் தேர்வு ரத்துன்னு அரசு அறிவிச்சதும் முதலமைச்சருக்கு மாணவர்கள் வெச்ச பேனர்கள் ஞாபகம் இருக்கா? அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போச்சு.

சரி, இன்னும் சின்னதா வெட்டினா என்ன லாபம்? ஒரே நேரத்தில் ஆறு பேப்பருக்குப் பதிலா மூணு, நாலு. தப்பு எங்கேன்னு சீக்கிரம் தெரிஞ்சுடும். பிடிக்காத பாடம் பத்து வாரத்தில் முடிஞ்சுடும்.

நஷ்டத்தை நான் எங்க வாலாஜாபாத்தில் இருந்து பார்க்கறேன். இங்கேயும், காஞ்சிபுரம் போற வழியில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டையிலும் தறி ஓடுற வீடுகள் உண்டு. சேலை அறுத்துக் கொடுத்தாத்தான் கூலி. முகூர்த்த சீசனில் ஆர்டர் நெருக்கினா காலேஜ் போற பிள்ளையும் கைகொடுக்கணும். அப்படி ரெண்டு வாரம் போனா, 16 வார செமஸ்டரில் அது எட்டில் ஒரு பங்கு. 10 வாரக் குவார்ட்டரில் அஞ்சில் ஒரு பங்கு. தமிழ் மீடியத்தில் படிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு, வகுப்பில் பேசற இங்கிலீஷ் பிடிபடவே சில வாரம் ஆகும். அதுக்குள்ள முதல் பரீட்சை வந்து நிக்கும். உடம்பு படுத்தின ராமானுஜனும் இந்த முறையில் தப்பிச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியல.

அப்போ குவார்ட்டர் வேண்டாமா? ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2021-ல் வகுப்புகளைத் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்க. ஜனவரி, மே, செப்டம்பர்னு வருஷத்துக்கு மூணு டெர்ம், ஒவ்வொண்ணுக்கும் 12 வாரப் பாடம். எடுக்கிற பாடத்துக்கு மட்டும் ஃபீஸ். முடியலைன்னா ஒரு டெர்ம் விட்டுட்டு வரலாம். அடிப்படைப் பாடங்கள் அடுத்த டெர்மிலேயே மறுபடி நடக்கும். ஹார்ப்பர் நினைச்சதும் இதுதான்.

நம்ம அரியர் முறையில் பரீட்சை திரும்பக் கிடைக்குது, வகுப்பு பெரும்பாலும் கிடைக்கறதில்லை. புரியாம ஃபெயிலான பாடத்தை, நடத்த ஆளே இல்லாம மறுபடி எழுதறோம். அதனால என் கருத்து இது: ஒரு பாடத்தை அடுத்த டெர்மிலேயே திரும்ப நடத்த ஆளும், விட்டுட்டு வந்தவரை அபராதம் இல்லாமச் சேர்த்துக்கிற விதியும் இருந்தா குவார்ட்டர் நல்லது. அது ரெண்டும் இல்லாம வெறும் காலண்டரை மட்டும் சுருக்கினா, தறி வீட்டுப் பிள்ளைதான் முதலில் வெளியே போகும்.

உங்க காலேஜ் புது முறைன்னு ஏதாவது அறிவிச்சா, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: பாடம் போனா, வகுப்பு எப்போ திரும்பக் கிடைக்கும்? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.