வெப்பமும் தட்பமும்: நோவாற்றும் முறைகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நோவைத் தணிப்பதற்கு வெப்பத்தையும் குளிர்ச்சியையும் பயன்படுத்துதல் மருத்துவ நூல்கள் தோன்றுவதற்கு முற்பட்ட வழக்கமாதல் வேண்டும். எனினும், மருத்துவ வரலாறு எழுதியோர் மருந்துகளுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அளித்த கவனத்திற் சிறுபங்கையேனும் இதற்கு அளித்தாரல்லர். தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுக்கும் கிழவி அவர்களுடைய பக்கங்களில் இடம்பெறுவது அரிது. சுசுருத சங்கிதை வெப்பச் சிகிச்சையைத் தாபம், ஊஷ்மம், உபநாகம், திரவம் என நான்காக வகுக்கின்றது. உலர்ந்த சூடு, ஆவி, வெப்பக் கட்டு, வெந்நீர் முதலிய சூடான திரவங்கள் என்பன முறையே அவற்றின் பொருளாகும். இவ்வகுப்பினுள் அடங்குவனவற்றுட் பெரும்பாலானவை அடுப்பங்கரைகளில் ஏலவே வழங்கியவை என்று கொள்வதில் தவறில்லை.

வெப்பத்துக்கு அடுப்பொன்று போதும். குளிர்ச்சியின் நிலை வேறு. சுளுக்கு, மூட்டு வீக்கம் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீரை மிகுதியாக ஊற்றினால் மரப்பு உண்டாகி நோவு தணியும் என்பது ஹிப்போகிறட்டீசின் பெயரால் வழங்கும் மணிமொழித் தொகுப்பிற் காணப்படுகின்றது. 1807ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் நிகழ்ந்த ஐலோப் போரில், நெப்போலியனின் படை மருத்துவரான லறே, விறைத்த உறுப்புகளை வெட்டும்போது வீரர்கள் குறைவாகவே நோவுற்றதை அவதானித்தார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆர்னொற் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையை நோவகற்றியாகப் பயன்படுத்தினார். ஆயின் 1846இல் பொஸ்ரனில் ஈதர் மயக்கம் பகிரங்கமாக நிறுவப்பட்டபின் அவருடைய முறை பின்தள்ளப்பட்டது.

வெப்ப நாடுகளிலோ குளிர்ச்சி ஒரு வணிகப் பண்டமாகவே வந்து சேர்ந்தது. 1806இல் மார்ட்டினிக் தீவுக்குப் பனிக்கட்டி ஏற்றுமதி செய்து தொழிலைத் தொடங்கிய பிரெட்ரிக் ரியூடர், 1833இல் 'ரஸ்கனி' என்னும் கப்பலில் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியைப் பொஸ்ரனிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தின் பின்னர் ஏறத்தாழ 100 தொன் கரையாது எஞ்சியதாம். சென்னைக் கடற்கரையில் இதற்கெனக் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' பிற்காலத்தில் விவேகானந்தர் இல்லமாயிற்று. அன்று அப்பனிக்கட்டி முதன்மையாக வெள்ளை அதிகாரிகளின் குடிவகைகளைக் குளிர்விக்கவே பயன்பட்டது. கப்பலிலிருந்து அதைச் சுமந்து இறக்கிய கூலியாளின் சுளுக்கிய தோளுக்கு அது எட்டியிருக்கும் என்று எண்ண இடமில்லை.

இத்துறையில் அறிவும் அதிகாரமும் நேரடியாக மோதிய நிகழ்ச்சி அவுஸ்திரேலியாவிலே நடந்தது. எலிசபெத் கெனி (1880–1952) முறையான தாதிப் பயிற்சி பெறாதவர்; குயீன்ஸ்லாந்தின் நாட்டுப்புறங்களிற் பணியாற்றியவர். அவர் பிற்காலத்தில் எழுதியபடி, 1911இல் இளம்பிள்ளைவாதத்தால் கைகால் முறுகிய குழந்தையொன்றைக் கண்டு மருத்துவருக்குத் தந்தியடித்தார். தோன்றும் அறிகுறிகளுக்கேற்பச் செய்க என்ற விடையே கிடைத்தது. கம்பளித் துணியைக் கொதிநீரில் தோய்த்துப் பிழிந்து நோவுற்ற தசைகளின்மீது சுற்றினார். குழந்தையின் நோவு தணிந்தது. அக்கால மருத்துவ மரபோ பாதிக்கப்பட்ட உறுப்புகளைச் சிம்புகளாலும் பிளாஸ்ரராலும் அசையாது கட்டிவைத்தது. கெனி அவற்றைக் கழற்றி, சூட்டு ஒத்தணம் கொடுத்து, உறுப்புகளை அசைக்கப் பயிற்றினார். மருத்துவர் பலர் சினந்தனர். குயீன்ஸ்லாந்தில் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1938இல் அவருடைய முறைக்கு எதிராக அறிக்கை விடுத்தது.

1940இல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். மினியாப்பொலிசின் மருத்துவர் சிலர் அவர் கூற்றைக் கேட்டுவிட்டு அமையாது, நோயாளரையே பார்த்தனர். 1942இல் அவர் பெயராலேயே அங்கு நிலையமொன்று நிறுவப்பட்டது. இங்கு ஒன்றை மறைத்தலாகாது. கெனியின் கோட்பாடு பிழையானது. நோயின் வேர் தசையிலுள்ளது என அவர் வாதிட்டார். உண்மையில் அந்நோயின் வைரசு முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலங்களையே அழிக்கின்றது. அழிந்த கலத்தை எந்தச் சூடும் மீட்காது. ஆயினும், இறுக்கமும் நோவும் தணிந்து உறுப்புகள் அசைவதற்கு அவருடைய செய்முறை உதவியது. கோட்பாடு பிழை என்பதால் அவருடைய கைகள் கண்டறிந்ததையும் சேர்த்துத் தள்ளியோர், தம் பட்டங்களைக் காத்தனரேயன்றி அறிவியலைக் காத்தனர் என்று கூறவியலாது. அவரை ஆதரித்த இதழ்கள் சில அவரைத் தெய்வப் பிறவியாக்கியதும் அதே அளவுக்கு அறிவியலுக்குப் புறம்பானதே.

1965இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும் வெளியிட்ட வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு, தோலிலிருந்து செல்லும் பிற உணர்ச்சிகள் முண்ணாணில் நோவுச் செய்தியைத் தடுக்கவல்லன என விளக்கியது. ஒத்தணத்தின் பயனில் ஒரு பகுதியேனும் இதனால் விளங்கலாயிற்று.

குளிர்ச்சியின் கதையோ எதிர்த்திசையிற் சென்றது. 1978இல் கேப் மேர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர் விளையாட்டுக் காயங்களுக்கு ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்திவைத்தல் என்னும் நான்கையும் ஒரே வாய்பாடாக்கினார். அது போதிய சோதனையின்றியே உலகெங்கும் பாடமாயிற்று. அழற்சி குணமாதலின் ஒரு படி என்பதும், நீடித்த குளிர்ச்சி அதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதும் தெரியவந்தபோது, 2014இல் அவரே தம் பரிந்துரையைத் திருத்தி எழுதினார். காயம் பட்டவுடன் சிறிது நேரம் வைக்கும் பனிக்கட்டி நோவைக் குறைக்கும் என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.