நெம்மேலி எத்தனை எழுத்து? தமிழ்க் கணிமையின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் நெம்மேலி. 2013-ல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் சென்னை மக்களுக்கு இப்பெயர் நன்கு பழக்கமானது. நெ, ம், மே, லி என நான்கே எழுத்துகள். தொடக்கப்பள்ளி மாணவர்கூட விரல்விட்டு எண்ணிவிடுவார். ஆனால் சாதாரணக் கணினி நிரல் ஒன்றிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் எட்டு என்றே விடை வரும். சேமிப்பில் இது பிடிக்கும் இடமோ 24 பைட்டுகள். நான்கு எட்டாகி, எட்டு 24 ஆனதன் பின்னால் 1980களிலும் 1990களிலும் எடுக்கப்பட்ட சில முடிவுகள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு தமிழில் உரையாடத் தொடங்கிவிட்ட இன்றும் அம்முடிவுகளுக்கான விலையைத் தமிழ் கொடுத்து வருகிறது.

ஓலையும் தட்டச்சும்

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். அக்காலத்தில் ஊர்க் கணக்குகள் ஓலையில் இருந்தன. ஓலையில் எழுதுபவர் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகார வேறுபாடும் பெரும்பாலும் எழுத்தில் தெரியாது. ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி வடிவம் கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் என்பது மரபு. ஆகவே பழைய முறையில் எழுதினால் நெம்மேலி என்ற பெயர் ‘நெமமெலி’ என்றே ஓலையில் நிற்கும். படிப்பவர் முன்பின் பார்த்து, விடுபட்ட புள்ளியையும் நெடிலையும் தாமே நிரப்பிக்கொள்வார். எழுத்தில் குறைவாகக் கொடுத்து மிச்சத்தை அறிவுக்கு விட்டுவிடும் முறை அது.

இயந்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். 247 எழுத்துகளை ஒரு தட்டச்சுப் பொறியின் சில டஜன் விசைகளில் அடக்கும் சிக்கலை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீர்த்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த இரா. முத்தையா. அவர் கையாண்ட ‘நகரா விசை’ எளிய உத்தி: புள்ளியை முதலில் தட்டினால் தாள் நகராது; அதே இடத்தில் ‘ம’ தட்டினால் ‘ம்’ கிடைக்கும். எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கும் இந்த வழக்கம் பின்னாளில் கணினி எழுத்துருக்களுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. 1978-ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது அச்சுக்காரர்களுக்கும் தட்டச்சர்களுக்கும் இன்னொரு சுமையைக் குறைத்தது.

நாகரியின் அச்சில் தமிழ்

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். 1963-ல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். இந்திய மொழிகளுக்கு மத்திய அரசின் மின்னணுத் துறை 1980களில் இஸ்கி என்ற முறையை வகுத்தது. ஒரே விசைப்பலகை, ஒரே எண் வரிசை, மொழியை மாற்றினால் எழுத்து மாறும் என்பது அதன் கொள்கை. பல மொழிகளுக்கு ஒரே கருவி செய்ய நினைத்தவர்களுக்கு இது சிக்கனமான வழிதான். நோக்கத்தைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அச்சு தேவநாகரிக்கு ஏற்றதாக இருந்தது. 1991-ல் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியானபோது, 1988ஆம் ஆண்டு இஸ்கியை அடிப்படையாகக் கொண்டு தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதன் தடம் இன்றும் தெரிகிறது: ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தமிழில் இல்லாத மூன்று ககரங்களுக்கான நாற்காலிகள் அவை.

இதைவிட ஆழமான முரண் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்து ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியில் ‘க’வே அடிப்படை, அதோடு புள்ளியைச் சேர்த்தால்தான் ‘க்’ கிடைக்கும். பிறக்க வேண்டிய பிள்ளையிலிருந்து தாயைப் பெறுவதுபோல. நெம்மேலி இம்முறையில் ந, ெ, ம, ், ம, ே, ல, ி என்று எட்டுத் துண்டாகிறது. இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 வடிவில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. எட்டு மும்மூன்று 24. அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு பைட்டில் முடிந்துவிடும்.

சிதறிய பத்தாண்டு

ஒருங்குறி வந்த உடனே யாரும் அதைப் பயன்படுத்திவிடவில்லை. இயங்குதளங்கள் அதற்குத் தயாராக இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்த தமிழர்கள். கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் ‘முரசு’ தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளரான கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றினார். ஒவ்வொருவரின் உழைப்பும் பெரிது; ஆனால் ஒருவருடைய முறையில் எழுதியது இன்னொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. இதழ்களும் தத்தம் எழுத்துருக்களில் வலைத்தளம் நடத்தின. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாத வாசகருக்குப் பக்கம் முழுவதும் கிறுக்கல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாடு இதற்கு ஒரு முடிவு தேடியது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் ஆகிய இரு குறியேற்றங்களும் அங்கே பரிந்துரைக்கப்பட்டன. மறுபக்கம் மின்னஞ்சல் குழுக்களில் உலகத் தமிழர் கூடிப் பேசி வகுத்த திஸ்கியும் வழக்கில் இருந்தது. (திஸ்கியில் நெம்மேலிக்கு ஏழு குறிகள்: ‘ம்’முக்கு அங்கே தனியிடம் உண்டு. கொம்பு கண்ணுக்குத் தெரிகிறபடியே எழுத்துக்கு முன்னால் நிற்கும்.) 2000-ல் முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அதே ஆண்டு விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழோடு வந்தது. பிறகு வலைப்பதிவுகளும் 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் வாசகர்களை ஒருங்குறிக்கு இழுத்துவிட்டன. எழுத்துக்கு ஓர் இடம் தரும் 16 பிட்டு ‘டேஸ்’ முறையை 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றபோது, களம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. டேஸ் முறையில் நெம்மேலி நான்கே குறிகள்தான். காலம் கடந்து வந்த சரியான விடை என்று அதைச் சொல்லலாம்.

பேசும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவின் முதல் தலைமுறையிலேயே சென்னைக்கு ஒரு தொடர்பு உண்டு. அப்போதைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் 1937-ல் பிறந்த ராஜ் ரெட்டி, 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரையே வழங்கிய ஜான் மெக்கார்த்தியிடம் ஸ்டான்போர்டில் 1966-ல் முனைவரானார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவில் உருவான ‘ஹார்ப்பி’ 1976-ல் 1,011 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பேச்சைப் புரிந்துகொண்டது. 1994-ல் அவர் எட்வர்டு ஃபைகன்பாமுடன் டூரிங் விருது பெற்றார். தெளிவில்லாமல் காதில் விழும் ஒலியை அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு ஊகிப்பதுதான் அவ்வாய்வின் சாரம். புள்ளியில்லா ஓலையைப் படித்த கணக்கர் செய்ததும் அதுவே.

இன்றைய பெருமொழி மாதிரிகளும் ஊகத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் அவை உரையை எழுத்தாகப் படிப்பதில்லை. ‘டோக்கன்’ என்னும் துண்டுகளாக நறுக்கிக்கொள்கின்றன. பயிற்சி உரையில் அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகள் ஒரே துண்டாகும். ஆங்கிலச் சொற்கள் பல முழுதாகவே ஒரு துண்டு. குறைவாகக் கண்ட மொழியின் சொல் பைட்டு பைட்டாகச் சிதறும். கட்டணம், வேகம், ஒரே நேரத்தில் நினைவில் வைக்கக்கூடிய அளவு எல்லாம் இத்துண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் புதிய மாதிரியை அறிவித்தபோது தானே ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது: பழைய முறையில் தமிழில் 116 துண்டாக இருந்த வாசகம் புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது. அதே வாசகம் ஆங்கிலத்தில் பழைய முறையிலேயே 27 துண்டுகள்தான். அதாவது அதுவரை தமிழில் கேட்டவர் அதே கேள்விக்கு நான்கு மடங்குக்கும் மேல் செலவழித்தார்.

இதற்கு ஒருங்குறியின் வடிவமைப்பை மட்டும் பழிப்பது சரியாகாது. டேஸ் முறை வென்றிருந்தாலும் யூடிஎஃப்-8 வடிவில் நெம்மேலி 12 பைட்டு ஆகியிருக்கும். பாதி மிச்சம், அவ்வளவே. 116 என்பது 35 ஆனதும் எழுத்தின் குறிகளை மாற்றியதால் வந்ததில்லை. நறுக்கும் முறை தமிழுக்கு அதிக இடம் கொடுத்ததால் வந்தது. பெரிய இழப்பு சிதறிய பத்தாண்டில்தான் நேர்ந்தது. திஸ்கியிலும் இதழ்களின் சொந்த எழுத்துருக்களிலும் எழுதப்பட்டு, மாற்றப்படாமல் நின்றுவிட்ட பக்கங்கள் இயந்திரத்தின் கண்ணுக்குத் தமிழே அல்ல. பொருளற்ற லத்தீன் குறிகள். பயிற்சி உரை திரட்டும் வடிகட்டி அவற்றைக் குப்பையென்று தள்ளவே வாய்ப்பு அதிகம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் தப்பியதற்குக் காரணம், தன்னார்வலர்கள் அவற்றைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியதே.

சீர்செய்யும் வேலை பல இடங்களில் நடக்கிறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் தொகுப்பு, எட்டுக் குறிகளையும் கூட்டி நெம்மேலியை மீண்டும் நான்கெழுத்தாக எண்ணித் தருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்னும் திறந்த மொழிபெயர்ப்பு மாதிரி, தமிழ் உட்பட 22 அட்டவணை மொழிகளுக்கும் உரியது.

ஊர்க்கணக்கு ஓலைகளில் புழங்கிய மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளுக்கு நெடுங்காலம் கணினியில் இடமே இல்லை. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. 320-ல் ஒன்று முந்திரி. 2019-ல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு இவற்றோடு பிற குறிகளையும் சேர்த்து 51 வடிவங்களைத் தனித் தொகுதியாக ஏற்றது. யூடிஎஃப்-8 வடிவில் அவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டு.