சோமாஸ்கந்தர்: கருவறைச் சுவரிலிருந்து தேர்வீதி வரை

ஒரே இருக்கையில் சிவனும் உமையும் அமர்ந்திருக்க, இருவரோடும் குழந்தை முருகன் சேர்ந்திருக்கும் திருவுருவம் சோமாஸ்கந்தர். தமிழகத்துச் சிவன் கோயில்களில் பெருந்திருவிழாவின்போது ரிஷப வாகனத்திலும் தேரிலும் எழுந்தருளுபவர் பெரும்பாலும் இவர்தான். சோழர் காலச் செப்புத் திருமேனி என்றதும் இன்று எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நடராசர். ஆனால் ஆண்டுதோறும் தங்கள் தெருவில், தங்கள் வாசலில் மக்கள் கண்டு கும்பிட்ட சிவபெருமான், மடியில் சாய்ந்தோ பக்கத்தில் நின்றோ ஒரு பிள்ளை உடனிருக்க வீற்றிருக்கும் இந்தக் குடும்பத் தலைவரே.

வட இந்தியச் சிற்பங்களில் சிவனும் உமையும் சேர்ந்திருக்கும் வடிவமாக மிகுதியும் காணப்படுவது உமாமகேசுவரர். அதில் உமை சிவனின் தொடைமேல் அமர்ந்திருப்பாள். அவர் கை அவளை அணைத்திருக்கும். சோமாஸ்கந்தரில் அந்த அணைப்பு இல்லை. இருவரும் சமமாக ஒரே பீடத்தில், சற்று விலகி அமர்கிறார்கள். அந்த இடைவெளி பிள்ளைக்குரியது. இந்த அமைப்பு ஏறத்தாழ முழுவதும் தமிழ்நிலத்திலேயே தோன்றி வளர்ந்தது. அதன் தொடக்கம் பல்லவர் காலத்துக் கல்லில் இருக்கிறது.

மாமல்லபுரத்துத் தர்மராச ரதத்தின் மேல்தளத்தில் உள்ள சிறு கருவறையின் பின்சுவரில் ஒரு சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் உண்டு. மகிடாசுரமர்த்தினி குகையின் நடுக் கருவறையிலும், சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குகையிலும் இதே உருவம் இடம்பெறுகிறது. ஆனால் இதைத் தன் கோயில்களின் முத்திரையாகவே ஆக்கியவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், காஞ்சிக் கைலாசநாதர் கோயில், பனைமலைத் தாளகிரீசுவரர் கோயில் என அவன் எடுப்பித்த கோயில்களில் கருவறையின் பின்சுவரை நிறைத்திருப்பது இந்தச் சிற்பமே. கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக அமைந்த சிறு சன்னிதிகளிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. இராசசிம்மன் காலத்து அமைப்பில் சிவனும் உமையும் அரியணையில் வீற்றிருக்க, முருகன் தாயின் மடியில் இருக்கிறான். பின்னால் பிரமனும் திருமாலும் நின்று போற்றுகிறார்கள்.

அரசவைக் கொலுவின் சாயல் இந்தச் சிற்பத்தில் அழுத்தமாக விழுந்திருப்பது தற்செயலன்று. கைலாசநாதர் கோயிலின் வடமொழிக் கல்வெட்டே அதற்குச் சான்று. திரிபுரம் எரித்த பரமேசுவரனிடமிருந்து குகன் பிறந்ததுபோல, ரணரசிகன் என்னும் சாளுக்கிய மன்னனின் நகரை அழித்த பரமேசுவரனிடமிருந்து இராசசிம்மன் பிறந்தான் என்று அது பாடுகிறது. தந்தையான முதலாம் பரமேசுவரவர்மனின் பெயரும் இறைவனின் பெயரும் ஒன்றாக இருப்பதைக் கவிஞர் விடாமல் பற்றிக்கொண்டார். அதே கோயிலின் முகப்பில் சிறு கோயில் ஒன்றை எழுப்பிய அரசி ரங்கபதாகையைப் புகழும் கல்வெட்டு, கணவனுக்கு அவள் இருந்த நிலையைச் சிவனுக்கு மலைமகள் இருந்த நிலையோடு ஒப்பிடுகிறது. இராசசிம்மனின் மகன் மகேந்திரனும் அங்கேயே ஒரு கோயில் கட்டினான். தந்தை, தாய், மகன் மூவரும் ஒரே வளாகத்தில் கட்டுமானத்தால் இடம்பிடித்துக்கொண்டார்கள். வம்சம் தழைக்க வேண்டும் என்ற அரச குடும்பத்தின் வேண்டுதலும், இறைவனே பிள்ளையோடு வீற்றிருக்கும் கோலமும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பல்லவர் காலச் சோமாஸ்கந்தரை இந்த அரசியல் பின்னணியிலிருந்து பிரித்துப் படிப்பது அரைகுறையான வாசிப்பாகவே முடியும்.

கருவறையில் இந்தச் சிற்பத்துக்கு முன்னால் பட்டை தீட்டிய தாரா லிங்கம் நிற்கிறது. சுவரில் உள்ள உருவமே முதலில் வழிபடு மூர்த்தியாக இருந்ததா, லிங்கம் பின்னர் நாட்டப்பட்டதா என்பது ஆய்வாளர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் விவாதம். எப்படியாயினும், உருவமற்ற லிங்கத்துக்குப் பின்னால் உருவமுள்ள குடும்பம் என்ற அடுக்கு பல்லவர் கருவறையின் தனித்தன்மை. சோழர் கோயில்களில் இந்த வழக்கம் நின்றுபோனது. கருவறையில் லிங்கம் மட்டும் தங்க, சோமாஸ்கந்தர் சுவரை விட்டு இறங்கிச் செம்பில் வார்க்கப்பட்டு வெளியே புறப்பட்டார்.

இந்தப் புறப்பாட்டுக்குத் தேவை ஏற்கெனவே இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் அப்பர் ஆரூர்த் திருவாதிரை விழாவைப் பாடிய பதிகம், விதானமும் கொடியுமாக வீதிகள் களைகட்டிய ஒரு நகரத்தை நமக்குக் காட்டுகிறது. லிங்கத்தைப் பெயர்த்து வீதிக்குக் கொண்டுவர முடியாது. அசையா மூலவருக்கு அசையும் உற்சவர் ஒருவர் வேண்டும். 10-ஆம் நூற்றாண்டு முதல் காவிரிக்கரைக் கோயில்களில் செப்புத் திருமேனிகள் பெருகியதற்கு இதுவே முதன்மைக் காரணம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இராசராசனும் அவன் அரசியரும் தமக்கையும் அதிகாரிகளும் அளித்த திருமேனிகளை வரிசைப்படுத்துகின்றன. ஒவ்வொன்றின் உயரமும் முழத்திலும் விரலிலும் தரப்பட்டிருக்கிறது. கைகள் எத்தனை, கனமாக வார்த்ததா உள்ளே பொள்ளலா, பீடம் எப்படி, பிரபை உண்டா என்றெல்லாம் குறித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் சோமாஸ்கந்தருக்கு உமாஸ்கந்த சகிதர் என்று பெயர். பக்தியும் கணக்கும் ஒரே கல்லில் இவ்வளவு துல்லியமாகச் சேர்ந்த ஆவணம் கலை வரலாற்றில் அரிது.

செம்புக்கு மாறியபோது உருவமும் மாறியது. குழந்தை தாயின் மடியிலிருந்து இறங்கி நடுவில் நின்றான். சில திருமேனிகளில் ஆடவும் செய்கிறான். சுவர்ச் சிற்பத்தை முன்னாலிருந்து மட்டுமே பார்க்க முடியும். வீதியில் வரும் திருமேனியையோ நாற்புறமும் மக்கள் சூழ்வார்கள். மூவரும் தனித்தனியாகத் தெரிய வேண்டிய கட்டாயம் அங்கே வந்தது. பிரமனும் திருமாலும் பெரும்பாலும் விலகிக்கொண்டார்கள்.

சோழர் காலத்தில் நிலைபெற்ற அமைப்பு இது. சிவனுக்கு நான்கு கைகள். பின் வலக்கையில் மழு, பின் இடக்கையில் மான். முன் வலக்கை அஞ்சேல் என்கிறது. முன் இடக்கை பெரும்பாலும் பூவை ஏந்தும் பாவத்தில் விரல் மடங்கியிருக்கும். சடைமகுடத்தில் பிறையும் பாம்பும் ஊமத்தம்பூவும். ஒரு காதில் மகர குண்டலம், மறு காதில் பத்ர குண்டலம். ஆணும் பெண்ணும் அணியும் அணிகளை ஒரே உடலில் ஏற்றிய இந்த வேறுபாடு, உமை பக்கத்தில் அமர்ந்திருக்கும்போதும் அவரில் பாதியாகவும் இருக்கிறாள் என்பதைச் சொல்கிறது. உமைக்கு இரண்டு கைகள், கரண்ட மகுடம். வலக்கை நீலோற்பலம் பிடிக்கும் பாவனை. பெரும்பாலான திருமேனிகளில் சிவன் இடக்காலை மடித்து வலக்காலைத் தொங்கவிட்டிருப்பார். உமை வலக்காலை மடித்து இடக்காலைத் தொங்கவிட்டிருப்பாள். மடித்த முழங்கால்கள் இரண்டும் நடுவை நோக்குகின்றன. பார்ப்பவர் கண் தானாகவே குழந்தைமேல் போய் விழுகிறது. சிற்பியின் அறிவு முழுவதும் இந்த ஓர் அமைப்பில் வெளிப்படுகிறது.

மழுவும் மானும் சிவன் கைக்கு வந்த கதை தாருகவனத்தைச் சேர்ந்தது. செருக்குற்ற முனிவர்கள் அவரைக் கொல்ல ஏவிய புலி தோலாடையானது, பாம்பு அணியானது, மானும் மழுவும் கையில் அடங்கின. பகையாக வந்ததை அணிகலனாக ஏற்றவர் என்ற பொருளைச் சோமாஸ்கந்தர் அமைதியாகச் சுமக்கிறார். மனைவி மக்களோடு இருக்கும் இந்தக் கோலத்தில் ஆயுதமான மழுகூட யாரையும் நோக்கி ஓங்கியிருப்பதில்லை. இரு விரல்களுக்கிடையே நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவே.

அளவுகளை ஆகமங்களும் சிற்ப நூல்களும் வகுத்தன. சிவனுக்கு உத்தம தசதாலம், அதாவது உயரம் 124 கூறு. தேவிக்கு மத்திம தசதாலம், 120 கூறு. முருகன் தந்தையின் உயரத்தில் ஒரு சிறு பங்கு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலைத் துண்டை மடித்து மடித்தே இந்தக் கூறுகளைப் பெறுகிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, உலர்ந்தபின் அடுத்தடுத்த மண் பூச்சுகளால் கனமாக்குவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். மண் கூட்டை உடைத்த பிறகே உருவம் தெரியும் என்பதால் ஒரு கூட்டில் ஒரே ஒரு திருமேனிதான் பிறக்கும். பீடத்தின் பக்கங்களில் உள்ள வளையங்களும் துளைகளும் அழகுக்காக வைத்தவை அல்ல. தூக்கிச் செல்லும் தண்டுகளோடும் வாகனத்தோடும் திருமேனியை இறுகக் கட்டுவதற்கானவை.

சோமாஸ்கந்த வழிபாட்டின் உச்சம் திருவாரூர். அங்கே கருவறை லிங்கமான வன்மீகநாதரைவிட ஊரையே ஆள்பவராக மக்கள் கருதுவது தியாகராசரை. தியாகராசர் என்பது சோமாஸ்கந்தரே. குழந்தை வேண்டிய திருமால் சிவனை மட்டும் வணங்கி உமையை வணங்காமல் விட்டதால் அவள் சினத்துக்கு ஆளானார் என்றும், பிறகு மூவரும் சேர்ந்த இந்த வடிவத்தைத் தம் மார்பில் வைத்துப் பூசித்தார் என்றும் தலபுராணம் கூறுகிறது. பாற்கடலில் அவர் மூச்சு ஏறி இறங்க, மார்பிலிருந்த இறைவனும் ஏறி இறங்கி ஆடினார். அதுவே அசபா நடனம். திருமேனி பின்னர் இந்திரனிடம் போனது. போரில் அவனுக்குத் துணைநின்ற முசுகுந்தச் சோழன் அதைப் பரிசாகக் கேட்டான். தர மனமில்லாத இந்திரன் அதேபோல் ஆறு உருவங்கள் செய்து நிறுத்த, முசுகுந்தன் உண்மையானதை அடையாளம் கண்டு ஏழையும் பெற்றான். திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என அவை ஏழு ஊர்களில் அமர்ந்தன. இவையே சப்தவிடங்கத் தலங்கள். ஒவ்வோர் ஊரிலும் சிறு மரகத லிங்கம் ஒன்றும், அந்த ஊருக்கென்று ஒரு நடனமும் உண்டு.

உட்கார்ந்த உருவத்துக்கு நடனம் எப்படி வந்தது என்பதற்கு விடை வீதியில் இருக்கிறது. ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் சுமந்து அடிவைக்கும் விதத்தில்தான் தியாகராசர் ஆடுகிறார். ஊருக்கு ஊர் அந்த அசைவு வேறு. உலோகத்தில் வடிக்காத ஆட்டத்தைச் சுமப்பவர்களின் உடல் சேர்க்கிறது. பஞ்சமுக வாத்தியம் என்ற ஐந்து முகக் குடமுழா அதற்குத் தாளம் கொட்டுகிறது. படிமவியல் நூல்கள் கையையும் ஆயுதத்தையும் எண்ணுவதோடு நின்றுவிடுவதால் இந்தப் பகுதியை அடிக்கடி தவறவிடுகின்றன. இன்னொரு சிறப்பும் ஆரூருக்கு உண்டு. திருமேனியின் பெரும்பகுதி ஆடையாலும் மலராலும் மறைக்கப்பட்டிருக்கும், முகமே காட்சி. பாத தரிசனம் மார்கழித் திருவாதிரை, பங்குனி உத்திரம் போன்ற நாள்களுக்கென்று காத்திருக்க வேண்டியது.

முதலாம் இராசேந்திரன் காலத்தில், வீதிவிடங்கர் என்றும் அழைக்கப்படும் ஆரூர்த் தியாகராசரின் கோயிலைக் கற்றளியாக்கிப் பொன் வேய்ந்த பணியில் அனுக்கியார் பரவை நங்கையார் என்ற பெண்ணின் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்கிறது. மன்னனும் அவளும் சேர்ந்து நின்று வணங்கிய இடத்தில் விளக்கு வைக்க ஏற்பாடு செய்யப்பட்டதையும் அது பதிவுசெய்கிறது. பல்லவன் தன் குடும்பத்தை இறைவனின் குடும்பத்துக்கு ஒப்பிட்டான். இங்கே அரசன் அந்தக் குடும்பத்தின் முன் நின்ற அடியவனாகப் பதிவாகிறான்.

மற்ற ஊர்களில் சோமாஸ்கந்தர் பஞ்சமூர்த்திகளின் நடுநாயகர். முன்னால் விநாயகரும் முருகனும், பின்னால் அம்மனும் சண்டிகேசுவரரும் வர, நடுவில் இவர். உடனிருக்கும் தேவியைத் தவிர அம்மன் தனியாகவும் வருவதால் பெயர் வேறுபாடு தேவைப்பட்டது. மதுரையில் சுந்தரேசுவரரோடு ஒரே பீடத்தில் இருப்பவள் பிரியாவிடை. மீனாட்சி தனித்து எழுந்தருளுவாள். காஞ்சியிலோ நகரமே இந்த உருவமாகக் கருதப்படுகிறது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையில் குமரகோட்டம் அமைந்திருப்பதைச் சோமாஸ்கந்த அமைப்பு என்று அந்த ஊர் மக்கள் சொல்வார்கள்.

சிவன் சத்து, உமை சித்து, முருகன் ஆனந்தம் என்று தத்துவ நோக்கில் மூவரையும் சச்சிதானந்தமாக விளக்குவது பரவலான மரபு. அழகான விளக்கம்தான். ஆனால் அரியணையும் மழுவும் தண்டுத் துளையும் உருவான காரணம் அதில் கிடைக்காது. அவற்றை அரசவையும் புராணமும் திருவிழாவும் தந்தன.

படையெடுப்புக் காலங்களில் பல திருமேனிகளை மண்ணுக்குள் ஒளித்தார்கள். திருகோணமலைக் கோணேசுவரத்தைப் போர்த்துக்கீசர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்தனர். 1950-இல் அந்த ஊரில் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளில் சோமாஸ்கந்தரும் இருந்தார், மீண்டும் வழிபாட்டுக்குச் சென்றார். அருங்காட்சியகங்களுக்குப் போன சோமாஸ்கந்தர்களில் பலவற்றில் குழந்தை இல்லை. அளவில் மிகச் சிறியதாக இருந்ததால் அதுவே முதலில் பிரிந்து தொலைந்தது. அத்தகைய திருமேனிகளைச் சிவனும் உமையும் மட்டும் உள்ள வடிவத்திலிருந்து பிரித்தறிய, ஆய்வாளர்கள் பீடத்தின் நடுவில் முருகனைப் பொருத்திய தடத்தைத் தேடுகிறார்கள்.