தற்காப்புரிமையின் எல்லை

தாக்க வருபவனைத் திருப்பித் தாக்குவது குற்றமா? இவ்வினாவிற்கு மலேசியச் சட்டம் தரும் விடை கல்கத்தாவில் உருவானது. 1837இல் மெக்காலே தலைமையிலான குழு இந்தியாவிற்கென வரைந்த தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதைத் தழுவிய சட்டம் 1872இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது. அடிமைப்பட்ட மக்களுக்கு எதிர்த்தடிக்கும் உரிமையை ஆள்வோரே எழுதி வைத்தது வியப்பன்றோ! மக்களிடம் துணிவை வளர்த்தல் வேண்டும் என்பதே வரைந்தோர் கூறிய காரணம். 2024இல் புதிய சட்டத்திற்கு மாறிய இந்தியாவும் இவ்வுரிமையைக் கைவிடவில்லை.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் இதனை விளக்குகின்றன. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தக்க அச்சம் தோன்றியதுமே உரிமை பிறக்கிறது. மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சத் தக்க காரணம் இருப்பின், தாக்குபவன் உயிரிழப்பினும் குற்றமன்று. எனினும், காவலரை நாட நேரமிருப்பின் இவ்வுரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது. அச்சம் நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். கத்தியைப் போட்டுவிட்டு ஓடுபவனைத் துரத்திச் சென்று வெட்டினால், சற்று முன்வரை தன்னைக் காத்துக் கொண்டிருந்தவனே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.