ஆய் நாட்டில் மலர்ந்த மைத்திரி

பிழைப்பின் பொருட்டு ஊர் துறந்து வந்த நாம் ஆண்டுதோறும் வெளியிடும் இம்மலரில், என் பிறந்தகமாகிய பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தின் பழஞ்செய்தி ஒன்றைக் கூற விழைகின்றேன்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரையோ, தமிழர் கோரியும் கேரளத்திலேயே நின்றது. அதனைப் பேசும்போதெல்லாம் என் பாட்டனாரின் குரல் உயரும். மலையாளம் பேசும் அண்டை வீட்டாருடன் அவர் இறுதிவரை பேசினாரில்லை. அக்கசப்பு எனக்கும் பிதிரார்ச்சிதமாயிற்று.

இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்ந்த இரவுகளில் பௌத்த நூல்கள் சிலவற்றைப் பயின்றேன். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் பாலி மொழியில் இயற்றிய விசுத்திமக்கம், மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நால்வகைப் பாவனைகளை விளக்குகின்றது. அன்பு தன்னிடம் தொடங்கி, அன்பர், நொதுமலர், பகைவர் எனப் படிப்படியாக விரிதல் வேண்டும் என்பது அதன் முறை. இறுதிப் படியில் நான் தயங்கி நின்றேன். அண்டை வீட்டின் முகமே கண்முன் தோன்றிற்று.

அப்போதுதான் நம் மண்ணின் வரலாறு நினைவிற்கு வந்தது. எல்லைக் கோடு தோன்றுமுன் இப்பகுதியை ஆண்டவர் ஆய் மன்னர். 866-இல் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து, பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 சட்டர் பயிலும் சாலையும் நிறுவினான். அவனுக்குப் பின் ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன், திருமூலவாசம் என்னும் பௌத்தத் தலத்திற்கு நிலம் ஈந்ததைப் பாலியம் செப்பேடு பகர்கின்றது. அவனது ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டு சிதறால் மலைச் சமணப் பள்ளியிலும் உளது.

அரசர் கொடைக்கு அரசியல் காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும், பிறர் நெறியைப் பேணுதல் தம் நெறிக்கு இழுக்கன்று என அவர்கள் கருதினர் என்பது தெளிவு. மணிமேகலையின் அமுதசுரபியும் உண்போரின் ஊரையோ குலத்தையோ வினவவில்லையன்றோ!

சென்ற ஓணத்தின்போது ஊர் சென்றிருந்தேன். அண்டை வீட்டு முதியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் சென்று வணங்கினேன். அவர் என் பாட்டனாரின் பெயரைச் சொல்லி, "அவருடைய பேரன்தானே?" என்று தமிழிலேயே வினவினார். என் கண்கள் கலங்கின.

உரிமையைக் கேட்பது வேறு; பகைமையைப் பேணுவது வேறு. இரண்டாவதை நம் மக்களுக்கு விட்டுச் செல்லாதிருப்போமாக! வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!